ஆஸ்டின் செவன் பந்தயக் கார்களில் சஸ்பென்ஷன் திருத்தம்

ஆஸ்டின் செவன் என்பது இங்கிலாந்தில் 1922 முதல் 1939 வரை தயாரிக்கப்பட்ட சிறிய கார் ஆகும். பழைய கார்கள் மலிவாகக் கிடைத்ததால், வசதி குறைந்த ஆர்வலர்கள் அவற்றைப் பந்தயக் கார்களாக மாற்றினர். 1939இல் தொடங்கப்பட்ட 750 மோட்டார் கிளப் இவர்களை ஒன்றுசேர்த்தது.

இக்காரில் வளைவுகளில் திரும்புவது பெரும் சிக்கலாக இருந்தது. பின் அச்சு, சட்டகத்திலிருந்து பின்னோக்கி நீளும் இரு பட்டை ஸ்பிரிங்குகளில் பொருத்தப்பட்டிருந்தது. வளைவில் கார் சாயும்போது வெளிப்புற ஸ்பிரிங் நிமிர்ந்து, அச்சின் அந்த முனையைப் பின்னுக்குத் தள்ளும். உட்புற முனை முன்னே வரும். இதனால் பின் சக்கரங்கள் தாமாகவே திசை மாறும். ஓட்டுநர் எண்ணியதைவிடக் கூடுதலாகக் கார் திரும்பிவிடும்; கவனிக்காவிட்டால் சுழன்றுவிடும்.

இதற்கான தீர்வு அதிகச் செலவில்லாதது. ஸ்பிரிங்குகளின் வளைவைக் குறைத்துத் தட்டையாக்கினர். அச்சு முன்பின்னாக நகர்வது குறைந்தது. காரும் தாழ்ந்ததால் சாய்வும் மட்டுப்பட்டது. முன்புறத்திற்கு வேறொரு வழி இருந்தது. லெஸ்லி பல்லமி என்பவர் 1930களில், முன் அச்சை நடுவில் பிளந்து, இரு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும்படி செய்தார்.

காலின் சாப்மன் 1948இல் தம் முதல் போட்டிக் காரைப் பழைய ஆஸ்டின் செவனிலிருந்தே உருவாக்கினார். பின்னர் அவரது லோட்டஸ் மார்க் 6 காரிலும் பிளந்த முன் அச்சு இடம்பெற்றது. 1963இல் லோட்டஸ் நிறுவனம் பார்முலா 1 உலகப் பட்டத்தை வென்றது. பணம் குறைவாக இருந்தவர்கள் பழைய காரில் கற்ற இயக்கவியல் பாடமே அவ்வெற்றிக்கு அடித்தளம் எனலாம்.