பதினான்கு மாத்திரைகள் வந்த வழி

ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாடின் 8. ஆக மொத்தம் 14 மாத்திரைகள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு மாரடைப்பு என்று தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பும் முன்பே இவற்றைக் கொடுத்துவிட வேண்டும். 2023ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் சாரம் இதுதான். இப்படி எடுத்த எடுப்பிலேயே மொத்தமாகக் கொடுப்பதை 'லோடிங் டோஸ்' என்பது மருத்துவமனைப் பேச்சு. இதய ரத்தக்குழாயில் உறைந்த கட்டி மேலும் பெரிதாகாமல், வழியிலேயே உயிர் போகாமல் பார்த்துக்கொள்வது நோக்கம்.

இந்த மாத்திரைகள் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பெருமாள் கோயில் மாதிரி ஓர் ஊர் வரை வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தப் பயணத்தைத் திரும்பிப் பார்க்கும்போது மனதை உறுத்துவது ஒன்றுண்டு. மாரடைப்பு அதிகம் பேரைக் கொண்டுபோவது முதுமையில். மருந்துகளைச் சோதித்துப் பார்த்ததோ பெரும்பாலும் நடுவயதுக்காரர்களிடம். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே மற்றவர்களுக்குப் பந்தி நடந்தது.

ஆஸ்பிரின் பிறந்ததே ஒரு பெரியவருக்காக என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1897ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபீலிக்ஸ் ஹாஃப்மன், மூட்டுவலியால் அவதிப்பட்ட தன் தந்தைக்கு வயிற்றைப் புண்ணாக்காத மருந்து தேடினார் என்பது கதை. அந்தப் பெருமை தனக்கே உரியது என்று அதே நிறுவனத்தில் இருந்த ஆர்தர் ஐஷன்க்ருன் 1949ல் எழுதினார். யூதர் என்பதால் நாஜிக்களின் வதைமுகாமில் அடைபட்டு மீண்டவர் அவர். யார் செய்திருந்தாலும், 1899ல் கடைக்கு வந்த அந்த மாத்திரை அடுத்த அரை நூற்றாண்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும்தான் பெரும்பாலும் பயன்பட்டது.

இதயத்தோடு அதை முதலில் இணைத்துப் பார்த்தவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவின் க்ளெண்டேல் ஊரில் பொது மருத்துவராக இருந்த லாரன்ஸ் க்ரேவன். டான்சில் அறுவைக்குப் பின் வலி தெரியாமல் இருக்க ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் மெல்லக் கொடுப்பார். நிறைய மென்றவர்களுக்கு ரத்தம் நிற்காமல் கசிந்தது. ரத்தம் உறைய விடாத பொருள், ரத்தம் உறைவதால் வரும் மாரடைப்பையும் தடுக்கலாமே என்று யோசித்தார். நானூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்து 1950ல் எழுதினார். எல்லோரும் ஆண்கள், நடுவயது, கொஞ்சம் பருமன். மருந்து கொடுக்காத இன்னொரு கூட்டத்தை வைத்து ஒப்பிடவில்லை என்பதால் மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காரணம் விளங்கியது 1971ல். ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளச் செய்யும் பொருள்கள் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்பதற்கான வாசலை ஜான் வேன் லண்டனில் திறந்தார். 1982ல் நோபல் பரிசு பெற்றார். ரத்தத் தட்டுக்கு உட்கரு கிடையாது. ஒருமுறை முடக்கப்பட்டால் தன்னைச் சரிசெய்துகொள்ள வழியில்லை. சுமார் பத்து நாள் ஆயுள் முடியும் வரை அப்படியே கிடக்கும். ஒரு சிறு மாத்திரை இவ்வளவு வேலை செய்வது அதனால்தான். நெஞ்சுவலிக்காரரை அதை மென்று விழுங்கச் சொல்வது, மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலக்கட்டும் என்றுதான்.

இங்கே ஒரு இதயநோய் மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த பீட்டர் ஸ்லைட், 1929ல் பிறந்து 2020ல் மறைந்தவர். வயதான உடம்பை அவர் முதலிலிருந்தே கவனித்தார். உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கிறதே, அதற்கு ஒரு காரணம் ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி சீர்செய்யும் நரம்பு அனிச்சை மந்தமாகிப்போவது. வயது ஏற ஏற, ரத்தக் கொதிப்பு கூடக் கூட, அந்த அனிச்சை எவ்வளவு தளர்கிறது என்பதை அளந்து காட்டிய 1971ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் அவர் பெயர் உண்டு. அதே கட்டுரையில் புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோவும் இருந்தார். இந்த நட்புதான் பிறகு மருத்துவத்தின் போக்கை மாற்றிய ஒரு பெரும் சோதனையாக வளர்ந்தது.

அதன் பெயர் ஐசிஸ்-2. பீட்டோவும் ரோரி காலின்ஸும் வடிவமைக்க, ஸ்லைட் தலைமைக் குழுவை நடத்தினார். 417 மருத்துவமனைகள், 17,187 நோயாளிகள். சிலருக்கு ஆஸ்பிரின், சிலருக்குக் கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் போலி மருந்து. 1988 ஆகஸ்டில் முடிவு வெளிவந்தது. எதுவும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். இரண்டும் கிடைத்தவர்களில் 8 பேர். ஆஸ்பிரின் தனியாகவே இறப்பை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைத்தது.

எண்களை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்தச் சோதனையின் வாசல் விதி. மாரடைப்பு என்று சந்தேகம், வலி தொடங்கி 24 மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும், மருத்துவருக்கு ஆட்சேபம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். வயது உச்சவரம்பு வைக்கவில்லை. எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களும் பலன் பெற்றார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள்தான் கூடுதலாகப் பெற்றார்கள். நூற்றுக்கு ஐந்து பேர் சாகக்கூடிய கூட்டத்தில் நான்கில் ஒரு பங்கைக் காப்பாற்றினால் ஓர் உயிர் மிஞ்சும். நூற்றுக்கு இருபது பேர் சாகக்கூடிய கூட்டத்தில் ஐந்து உயிர் மிஞ்சும்.

ஐசிஸ்-2 கட்டுரையில் ராசி பலனும் உண்டு என்றால் நம் ஊரில் நம்ப மாட்டார்கள். முடிவுகளை இன்னும் பல பிரிவாகக் கூறுபோட்டுக் காட்டும்படி வற்புறுத்தல் வந்தபோது, நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் உதவவில்லை என்றது அந்தக் கணக்கு! சிறுசிறு கூறாக நறுக்கினால் தற்செயல்கூடச் சட்டம் போலத் தோன்றும் என்று புரியவைக்கத்தான் அப்படிச் செய்தார்கள். ஒரு மருந்தைப் 'பெரியவர்களுக்குச் சரிப்படாது' என்று போதிய சான்று இல்லாமல் தள்ளிவைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

தள்ளிவைப்பது வழக்கமாகவே இருந்தது. அதுவரை நடந்த மாரடைப்பு மருந்துச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்து 1992ல் அமெரிக்காவில் குர்விட்ஸ், கோல், அவோர்ன் என்ற மூவர் எழுதினார்கள்: அவற்றில் 60 சதவீதத்துக்கும் மேலானவை 75 வயதைக் கடந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. முதியவருக்கு வேறு நோய்கள் இருக்கும், ரத்தக் கசிவு வரலாம், கணக்கு குழம்பும் என்பவை சொல்லப்படும் காரணங்கள். ஆனால் அதே முதியவர் நாளை நிஜ ஆஸ்பத்திரிக்கு வருவாரே, அவருக்கு எதை எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர் எதைப் பார்த்து முடிவு செய்வார்?

நம் பதினான்கில் உள்ள குளோபிடோக்ரலிலேயே இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. 2005ல் இரண்டு சோதனைகள் வந்தன. 'க்ளாரிட்டி' சோதனை எடுத்த எடுப்பில் 300 மில்லிகிராம், அதாவது நான்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தது. 75 வயதுக்கு மேற்பட்டவர்களை அது சேர்க்கவில்லை. சீனாவில் 45,852 பேரிடம் நடந்த 'கமிட்' சோதனை வயது வரம்பில்லாமல் எல்லோரையும் சேர்த்தது; அங்கே கொடுத்தது தினம் ஒரே மாத்திரை. அதனால்தான் கட்டி கரைக்கும் ஊசி போடப்போகும் நோயாளி 75ஐத் தாண்டியவர் என்றால் நான்கு வேண்டாம், ஒன்று போதும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. நேராக ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கப்போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. கட்டி கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசியிலும் இதே கதை. 2013ல் வெளியான 'ஸ்ட்ரீம்' சோதனை நடுவழியில் தன் அளவை மாற்றியது. முதியவர்கள் சிலருக்கு மூளையில் ரத்தம் கசிந்ததைப் பார்த்து, 75 வயதுக்கு மேல் மருந்தைப் பாதியாகக் குறைத்தது. முதியவரை ஒதுக்குவதும் தவறு, இளையவரின் அளவை அப்படியே அவருக்குக் கொடுப்பதும் தவறு. அவரைச் சோதனைக்குள் சேர்த்தால்தான் சரியான அளவு தெரியும்.

அட்டார்வாஸ்டாடினின் வேர் ஜப்பானில். அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைத் துழாவி 1973ல் கொழுப்பைக் குறைக்கும் முதல் ஸ்டாடினைக் கண்டெடுத்தார். அந்தக் குடும்பத்தில் பின்னால் பிறந்த அட்டார்வாஸ்டாடின், காப்புரிமை இருந்த காலத்தில் உலகிலேயே அதிகம் விற்ற மருந்தாக இருந்தது.

இந்த மருந்துகள் ஏழை வீட்டுக்கு எட்டியதில் நம் நாட்டுச் சட்டத்துக்குப் பங்குண்டு. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கே உரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டும் தந்தது. வேறு வழியில் அதே மருந்தைத் தயாரிக்க இந்தியக் கம்பெனிகள் கற்றுக்கொண்டன. அடுத்த படி, 1994ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் விட்டு, வந்த சரக்கைப் பரிசோதனைக்கூடத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் ஏற்பாடு. பிராண்டு பெயருக்குப் பணம் கொடுக்காமல் மருந்துக்கு மட்டும் கொடுத்தார்கள். பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. தமிழகம் செய்த நல்ல காரியங்களில் முன்வரிசையில் வைப்பேன்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, நோயாளி சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகிய இதயநோய் மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும், சின்ன ஆஸ்பத்திரிகளை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு ஆம்புலன்ஸாலும் ஈசிஜி அனுப்பும் கருவியாலும் இணைத்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகளைப் பற்றிய அவர்கள் ஆய்வு 2017ல் வெளியானது. ஓராண்டுக்குள் நேர்ந்த இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. முதியோருக்கென்றே தனி மருத்துவம் வேண்டும் என்று டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு தொடங்கியதோ அதற்கு வெகு முன்பே, 1978ல். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தது 2024ல்.

இனி சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சாலை ஊர் வழியாகப் போகிறது, மின்சார ரயில் நிற்கிறது, தெற்கே கொஞ்ச தூரத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வசதியில் குறைவில்லை. ஆனால் காலை ஷிப்ட்டுக்குப் பிள்ளைகள் மகேந்திரா சிட்டிக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு, திருக்கச்சூரிலும் ஆப்பூரிலும் அஞ்சூரிலும் பல வீடுகளில் இருப்பது தாத்தாவும் ஆயாவும்தான். வலி வந்தால் என்ன நடக்கிறது? "வாயு புடிச்சிக்கிச்சு, சோடா வாங்கியா" என்பார்கள். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, தைலம். மாலையில் பிள்ளை வரட்டும் என்று காத்திருப்பார்கள். இதயத் தசை அதுவரை காத்திருக்காது.

வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, மாரடைப்பில் வலியே இல்லாமலும் போகலாம். திடீரென்று மேல்மூச்சு வாங்கும், குப்பென்று வியர்க்கும், கை கால் ஓய்ந்துபோகும், மனம் குழம்பும், மயக்கம் வரும். இதெல்லாம் 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று தள்ளிவிடக் கூடியவை போலத் தெரிவதுதான் ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் நல்லது என்று கேள்விப்பட்டு, இதயநோய் இல்லாதவர்களும் தினம் ஒன்று போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் 70 வயதைக் கடந்த ஆரோக்கியமான 19,114 பேரிடம் நடந்த 'ஆஸ்ப்ரீ' சோதனை 2018ல் சொன்ன முடிவு: மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதனால் குறிப்பிடும்படி குறையவில்லை, பெரிய ரத்தக் கசிவு 38 சதவீதம் கூடியது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அந்தப் பதினான்கையும் கடையில் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் எண்ணமும் வேண்டாம். ஈசிஜி பார்த்து, வயதும் மற்ற நோய்களும் கேட்டுக் கொடுக்க வேண்டியவை அவை.

வீட்டில் பெரியவர் இருந்தால் இதைச் செய்து வையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், வயது, முன்பு பக்கவாதமோ வயிற்றில் ரத்தக் கசிவோ வந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டாருக்கு 108ஐ எப்போது அழைக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனதும் முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். எண்பது வயதாகிவிட்டதே என்று யாராவது தயங்கினால், ஏன் என்று கேளுங்கள். அதற்கு மருத்துவக் காரணத்தைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.