மண்டபத்தான்

ராமேசுவரம் ரயில் பாம்பன் பாலத்தில் ஏறுமுன் வரும் ஊர் மண்டபம். தூண் நிறுத்திய கட்டடத்தின் பெயர் ஊருக்கு ஆகிவந்திருக்கிறது. அங்கிருந்து அது ஒரு மீனின் வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

1970இல் ஹென்ட்ரி, ஹாட்ஜ்கிஸ், ஷீவன் என்ற மூவர் ஒளிரும் பாக்டீரியாக்களை வகைப்படுத்தினார்கள். அவற்றில் ஒன்றுக்கு அவர்கள் இட்ட பெயர் ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். 'என்சிஸ்' என்பது லத்தீனில் ஊர்ப்பெயரோடு ஒட்டும் விகுதி. நம் வாய்க்கு 'மண்டபத்தான்'. பாக்டீரியம் என்ற சொல் லத்தீனில் அலிப்பால் என்பதால் 'மண்டபமென்ஸே' என்றுதான் முடிந்திருக்க வேண்டும். அஃறிணைக்கு 'ஆன்' விகுதி போட்ட கதைதான். நம் புலவர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பெயருக்கு ஒரு பங்காளி உண்டு: 1967இல் காரல் மீனின் ஒளியுறுப்பிலிருந்து பிரித்தெடுத்து, அந்த மீனின் அறிவியல் பெயராலேயே அழைத்த 'லியோக்னாத்தி'. இரண்டும் ஒன்றே என்று பின்னால் முடிவுகட்டி, மூத்த பெயரை வைத்துக்கொண்டு மண்டபத்தானைத் தள்ளிவிட்டார்கள். 2004இல் ஒளி தரும் மரபணுக்களை ஒப்பிட்டபோதுதான் இரண்டும் வேறு வேறு கிளைகள் என்பது தெளிவாயிற்று.

மண்டபத்தான் குடியிருக்கும் மீன்களில் ஒன்று சிஃபாமியா டூபிஃபெர். கார்டினல் மீன் குடும்பம். விரல் நீளம்கூடத் தேறாது. 1909இல் மாக்ஸ் வெபர் இட்ட பெயர் இது. 'டூபிஃபெர்' என்றால் குழல்தாங்கி. அடிவயிற்றோரம் ஓடும் வெள்ளிநிறக் குழல் போன்ற உறுப்பைப் பார்த்து வைத்தது. பகலெல்லாம் நீண்ட கறுப்பு முட்களுள்ள கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவே கூட்டமாக ஒண்டிக்கிடக்கும். இருட்டியதும் இரைதேடக் கிளம்பும். பாக்டீரியாவின் வெளிச்சம் கண்ணாடிபோன்ற வயிற்றுத் தசை வழியே பரவிக் கீழ்நோக்கி விழும். விடிவதற்குள் பழைய முள்ளெலிக்கே பல மீன்கள் திரும்பிவிடுகின்றன என்று ஒகினாவா ஆய்வுகள் சொல்கின்றன.

முட்டைகளை வாயில் அடைகாப்பது ஆண். அப்பன் வயிற்றில் விளக்கு எரிந்தாலும் குஞ்சுக்கு அது சீதனமாக வருவதில்லை. கடல்நீரிலிருந்து தானே பிடித்துக்கொள்ள வேண்டும். கடலில் ஒளிரும் பாக்டீரியா எத்தனையோ வகை. இது ஏற்றுக்கொள்வது மண்டபத்தானை மட்டுமே. ஒளியுறுப்பில் பெருகி மிஞ்சியவை குடல்வழி கடலுக்கே திரும்புகின்றன. அடுத்த குஞ்சுக்கு வித்து அங்கிருந்தும் கிடைக்கலாம்.

மீன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. பெயரிடுவோர் அப்படி இல்லை. சிலருக்கு மண்டபத்தான் தனியினம், சிலருக்குக் காரல்காரனின் உள்ளினம். 2007இல் வந்த ஆய்வுக்கட்டுரை ஒன்றின் தலைப்பில்கூட 'மண்டபமென்சிஸ்' மேற்கோள் குறிக்குள்தான் அச்சாகியிருக்கிறது.