ஹவாய் தீவுகளின் அடிநிலம்: நில அதிர்வு ஆய்வுகள்

ஹவாயின் மௌனா லோவா எரிமலை கடல்மட்டத்துக்கு மேல் 4,169 மீட்டர் உயரம். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். பாரம் தாங்காமல் அதன் அடியில் கடல்தரை சுமார் 8 கிலோமீட்டர் அமிழ்ந்துகிடக்கிறது. அமிழ்ந்த அடியிலிருந்து அளந்தால் மலை ஏறத்தாழ 17 கிலோமீட்டர். துரப்பணம் எட்டாத அந்த ஆழத்துக்கு ஒலியைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே துப்பு கொடுத்தது புவியீர்ப்பு. நீர்மூழ்கிக் கப்பல்களில் பயணித்து ஈர்ப்பை அளந்தவர் டச்சு அறிஞர் வேனிங் மெய்னஸ். தீவுகளின் எடையில் கடல்தரை பலகைபோல் வளைந்திருக்கிறது என்று 1941இல் எழுதினார்.

வளைவைப் படம்பிடித்தது 1982ஆம் ஆண்டின் ஆய்வு. ராபர்ட் டி. கான்ராட், கானா கேயோகி என்ற இரு கப்பல்கள் ஓஹு தீவை ஒட்டிய கடலில் ஓடின. காற்றுத் துப்பாக்கி அழுத்திய காற்றை நீருக்குள் ‘டப்’பென்று விடுவிக்கும். அந்த அதிர்வு வண்டலையும் எரிமலைப் பாறையையும் துளைத்து இறங்கி, பாறை மாறும் இடங்களில் திரும்பும். கப்பலின் பின்னால் இழுபடும் நீண்ட வடத்திலுள்ள ஒலிவாங்கிகள் அதைப் பிடிக்கும். இரண்டு கப்பல் எதற்கு? வெடிக்கும் இடத்துக்கும் கேட்கும் இடத்துக்கும் தூரம் கூடக்கூட, ஆழத்தின் செய்தி தெளிவாகும்.

புவியோட்டின் அடிப்பகுதியில் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர். அதற்கும் கீழே கவசத்தில் 8. இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில், ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தடிப்பில் ஓர் அடுக்கு இருப்பதாக, அந்த ஆய்வை நடத்திய டோனி வாட்ஸ் குழு 1985இல் அறிவித்தது. மேலே வர முடியாத மாக்மா ஓட்டின் அடியில் ஒட்டி உறைந்தது என்பது அவர்கள் விளக்கம். கருத்து வேகமாகப் பரவியது.

2018இல் மார்கஸ் ஜி. லாங்செத் கப்பல் அதே தீவுத்தொடருக்குத் திரும்பியது. இம்முறை அதிர்வுமானிகளைக் கடலடியிலேயே இறக்கினார்கள். எடைகட்டி மூழ்கும் இக்கருவி, மேலிருந்து ஒலிச்சைகை வந்ததும் எடையைக் கழற்றிவிட்டு மிதந்து வரும். பெரிய அளவில் அப்படியோர் அடுக்கு தென்படவில்லை. ஆய்வுக் குழுவில் வாட்ஸும் இருந்தார். தன் பழைய முடிவைத் தானே சோதிக்க வாய்ப்பது அபூர்வம்!

ஆனால் தக்காண எரிமலைப் பாறைகளோடு உறவுடைய ரீயூனியன் தீவின் கதை வேறு. 1993இல் நடந்த ஆய்வில், அங்கே கடல்தரை ஹவாயைப்போல் வளையவில்லை. ஓட்டின் அடியிலோ 3 கிலோமீட்டர் வரை தடித்த அடுக்கு தெரிந்தது.