விடைத்தாளில் நயம் பாராட்டல்: ஐ. ஏ. ரிச்சர்ட்ஸின் சோதனையும் தேர்வு வினாவும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்திற்கெனத் தனித்த பட்டத்தேர்வு 1917இல் ஏற்கப்பட்டது. அப்புதிய துறையில் பயிற்றுவித்த ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், 1920களில் தம் மாணவர்களிடையே ஒரு சோதனையை நடத்தினார். கவிஞரின் பெயரும் காலமும் நீக்கப்பட்ட பாடல்களை வழங்கி, ஒரு வார காலத்தில் கருத்துரை எழுதித் தருமாறு பணித்தார். ஒவ்வொரு பாடலையும் எத்தனை முறை படித்தனர் என்பதையும் மாணவர்கள் குறிக்க வேண்டியிருந்தது. 13 பாடல்களுக்கு வந்த கருத்துரைகளைத் தொகுத்தாய்ந்த 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்னும் நூல் 1929இல் வெளிவந்தது.

அந்நூலின் மதிப்பு, அதில் காட்டப்படும் பிழைகளில் உள்ளது. இலக்கியத்தையே பாடமாகக் கொண்ட மாணவர்களுள் பலர் பாடலின் நேர்ப்பொருளையே தவறவிட்டிருந்தனர். வேறு சிலர் தம் சொந்த நினைவுகளைப் பாடலின்மேல் ஏற்றினர். பழகிப்போன உணர்ச்சியை அப்படியே வெளியிட்டனர். யாப்பு வழுவாமையையே சிறப்பின் அளவுகோலாகக் கொண்டனர். இத்தகைய இடர்ப்பாடுகளை ரிச்சர்ட்ஸ் பத்தாக வகுத்தார். பொருளையும் சொற்பொருள், உணர்வு, தொனி, நோக்கம் என நான்காகப் பகுத்தார். கேட்போரை நோக்கிய சொல்வோரின் நிலைப்பாட்டையே தொனி என்றார். கவிதைத் திறனாய்வில் சொல்லாட்சிக் கலை மீண்டும் நுழைந்த வாயில் இதுவே எனலாம்.

ஆனால் இம்முறை தேர்வுத்தாளாக மாறியபோது அதன் இயல்பு திரிந்தது. ஒரு வாரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது, மீள்வாசிப்பு அருகியது. வாசிப்பில் நேரும் கோளாற்றைக் கண்டறியப் பிறந்த கருவி, மாணவரைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று. சோதனையில் பிழைக்குச் சான்று மதிப்பு இருந்தது. தேர்விலோ பிழைக்கு மதிப்பெண் இழப்பு மட்டுமே உண்டு. அதனால் மாணவர் பாதுகாப்பான விடையை நாடுகின்றனர். அணியின் பெயரைச் சுட்டுவதைவிடப் பாதுகாப்பான விடை வேறில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்வுகளில் இடம்பெறும் நயம் பாராட்டல் வினா கேம்பிரிட்ஜின் நேர்வழித்தோன்றல் அன்று. எனினும் சிக்கல் ஒன்றே. மையக்கருத்து, மோனை, எதுகை, அணி என்னும் தலைப்புகள் பெரும்பாலும் வினாவிலேயே தரப்படுகின்றன. 'பாராட்டுக' என்னும் ஏவல் தீர்ப்பையும் முன்கூட்டியே வழங்கிவிடுகிறது. 'உவமையணி பயின்று வந்துள்ளது' என்னும் தொடரோடு விடை நின்றுவிடுகிறது. அவ்வுவமை அங்கு என்ன செய்கிறது என்பது கேட்கப்படுவதே இல்லை.

இவ்வினாவைக் கேட்பதற்கான கருவி தொல்காப்பிய உவமவியலிலேயே உண்டு. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் வெறும் வகைப்பெயர்கள் அல்ல. ஒப்புமை எதில் நிற்கிறது எனத் துருவும் வழிகள். கொடையாளியின் கைக்கு மழையை உவமித்தால் ஒப்புமை பயனில் நிற்கிறது. இதழுக்குப் பவளத்தை உவமித்தால் நிறத்தில் நிற்கிறது. முன்னதில் இரப்போனும் கொடுப்போனும் உள்ள ஓர் உலகம் விரிகிறது. பின்னதில் காண்போன் ஒருவனே உள்ளான். இவ்வேறுபாட்டை இரண்டு வரிகளில் எழுதும் மாணவர், ஐந்து அணிகளின் பெயரை அடுக்குபவரைவிட அப்பாடலை நன்கு படித்தவர். இன்றைய மதிப்பெண் பகிர்வோ ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியே அமைந்துள்ளது. அந்த இரண்டு வரிகளுக்கு அதில் இடம் இல்லை.