சிங்கப்பூர் மதரஸாக்களும் ஆசிரியர் மேம்பாடும்

சிங்கப்பூரின் முழுநேர மதரஸாக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாடத்திட்டத்தையும் தேர்வையும் சுற்றியே நிகழ்கிறது. அவ்விரண்டையும் வகுப்பறையில் செயற்படுத்தும் ஆசிரியரை முன்வைத்து அவ்வரலாற்றை நோக்க இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

1908ஆம் ஆண்டில் சையது ஷேக் அல்ஹாடி முதலிய சீர்திருத்தவாதிகள் இங்கு அல்இக்பால் மதரஸாவைத் தோற்றுவித்தனர். சமயப் பாடங்களோடு கணிதம், புவியியல், ஆங்கிலம் ஆகியவற்றையும் கற்பிக்க முனைந்த அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும், இருவகைக் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் வழங்குவோர் யார் என்னும் வினாவை அது விட்டுச்சென்றது. அதன்பின் தோன்றிய அல்சகோஃப் (1912), அல்ஜுனிட் (1927), அல்மஆரிஃப் (1936) ஆகிய மதரஸாக்களும் இவ்வினாவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

2000இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் இவ்வினாவை அவசரமாக்கியது. மதரஸா மாணவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும், மதரஸாக்கள் குறித்த தரத்தை எட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. 2008இல் முதல் அணியினர் அத்தேர்வை எழுதினர். ஃபிக்ஹிலும் அரபு மொழியிலும் ஆழ்ந்த புலமை பெற்றிருத்தல் வேறு, ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பின்னக் கணக்கை விளங்க வைத்தல் வேறு. தேர்வு மாணவரை அளந்தது. அதன் சுமையோ ஆசிரியரின் தோளில் இறங்கியது.

இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 2007இல் அறிவித்த கூட்டு மதரஸா முறையை இப்பின்னணியிலேயே காண வேண்டும். இதன்படி அல்இர்ஷாத் தொடக்கநிலைக் கல்வியையும், அல்ஜுனிட், அல்அரபியா ஆகியவை உயர்நிலைக் கல்வியையும் மேற்கொண்டன. இதனை வெறும் நிர்வாகப் பகுப்பாகக் கொள்ளுதல் போதாது. ஆறு வயது வேறுபாடுள்ள இரு வகுப்புகளுக்கிடையே அலையாமல், ஆசிரியர் ஒரே பருவத்தினரின் கற்றல் இயல்பில் தேர்ச்சி பெற இது வழிவகுத்தது எனலாம்.

2015ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில், மதரஸாக்களில் பொதுப் பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களின் பயிற்சிக்கு அரசு உதவும் எனப் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். முதல் தேர்வுக்கும் இவ்வறிவிப்புக்கும் இடையில் ஏழாண்டுகள் கழிந்திருந்தன.

இக்கால வரிசை உணர்த்துவது ஒன்றே. தரம் முதலில் கோரப்பட்டது. அதனை ஆக்கித் தர வேண்டியவர்க்கான அரசின் துணை பின்னரே வந்தது. ஊதியம், பயிற்சி, பணி உயர்வு ஆகியவற்றில் ஆசிரியரைப் பேணாத சீர்திருத்தம் ஏட்டளவில் நின்றுவிடும் என்பதே நாம் கண்ட முடிவு. இது மதரஸாக்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. சமூகத்தின் பொருளால் நடைபெறும் எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்துவதாகும்.