தோகேஜி: கணவனை விட்டு ஓடி வந்தவர்களின் மடம்

தொகுகாவா குலத்துப் படைத்தலைவர்களான ஷோகன்கள் ஜப்பானை ஆண்ட காலத்தில் (1603–1868), மணவாழ்வு எவ்வளவு கசந்துபோனாலும் அதைத் தானாக முறித்துக்கொள்ளும் உரிமை சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு இல்லை. கணவன் எழுதித் தரும் விலக்குச் சீட்டு ஒன்றே அவளை விடுவிக்கும். மூன்றரை வரியில் எழுதப்பட்டதால் ‘மிகுதாரிஹான்’ என்று பெயர் பெற்ற அச்சீட்டு, அவள் இனி யாரையும் மணந்துகொள்ளலாம் என்று உறுதியளித்தது. எழுதத் தெரியாதவன் மூன்று நீண்ட கோடுகளும் ஓர் அரைக்கோடும் கிழித்துக் கொடுத்தாலே போதும் என்றும் சொல்வதுண்டு. சீட்டு வாங்காமல் மறுமணம் செய்தவளின் தலையை மழித்துப் பிறந்தகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1742ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு விதித்தது. சீட்டுக் கொடுக்காமல் வேறொருத்தியை மணந்த ஆணுக்கும் ஊரைவிட்டு வெளியேற்றும் தண்டனை இருந்தது என்றாலும், சீட்டை எழுதும் தூரிகை அவன் கையில் இருந்தவரை இரண்டும் ஒன்றாகிவிடா.

இந்தக் கட்டுக்குள் ஒரு சிறு திறப்பாக இருந்தது, காமகுரா நகரின் வடக்கே, மாட்சுகவோகா என்ற குன்றுச் சரிவில் அமைந்த தோகேஜி என்னும் ஜென் பௌத்தப் பிக்குணி மடம். ஆட்சியாளர் ஹோஜோ தொகிமுனே 1284இல் இறந்தபின், துறவு பூண்ட அவருடைய மனைவி காகுசான் 1285இல் இதை நிறுவினார். கொடிய கணவனிடமிருந்து தப்பி வரும் பெண்களுக்கு மடம் அடைக்கலம் தர வேண்டும் என்று அவர் தம் மகனிடமே அனுமதி பெற்றதாக மடத்து மரபு கூறுகிறது. மரபை மரபாகவே கொள்வது நல்லது; விலக்கு வழக்குகளைப் பற்றி விரிவாகப் பேசும் ஆவணங்கள் அனைத்தும் தொகுகாவா ஆட்சிக் காலத்தவை.

மடத்தின் செல்வாக்குக்கு உறுதியான காரணம் இருபதாம் மடத்தலைவி தென்ஷு. 1615இல் ஒசாகா கோட்டை வீழ்ந்து தொயொதோமி குலம் அழிக்கப்பட்டபோது, அக்குலத் தலைவர் ஹிதெயோரியின் சின்னஞ்சிறு மகன் கொல்லப்பட, மகள் மட்டும் துறவு ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் உயிர் தப்பினாள். அவளைத் தத்தெடுத்துக் காத்தவர், வென்ற தரப்பின் தலைவரான தொகுகாவா இயேயாசுவின் பேத்தி சென்ஹிமே. தான் விரும்பாத ஒரு வாழ்வுக்குள் குழந்தையாகவே அடைக்கப்பட்டவள் பின்னாளில் மற்றப் பெண்களின் விடுதலைக்குக் காவலாக நின்றது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. ஷோகன் குடும்பத்தோடு ஏற்பட்ட இந்த உறவால்தான் மடத்தின் வழக்கம் அரசு ஏற்ற சட்டமாகவே நிலைத்தது. இத்தகைய ஏற்பைப் பெற்ற இன்னொரு மடம், கோசுகே மாகாணத்தின் மந்தொகுஜி மட்டுமே.

ஷோகன்களின் தலைநகர் எதோவிலிருந்து காமகுரா ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அவ்வளவு தொலைவையும் நடந்தே வரும் பெண்ணைக் கணவனோ அவன் ஆட்களோ துரத்தி வருவதுண்டு. வாசலை நெருங்கும்போது பிடிபட்டுவிடுவோம் என்று அஞ்சியவள் தன் செருப்பையோ கொண்டை ஊசியையோ உள்ளே எறிந்துவிட்டால் அவளே உள்ளே வந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது என்பர். இந்தக் காட்சி அக்காலத்து நகைச்சுவைக் குறும்பாக்களுக்கு நல்ல தீனியாயிற்று. ஆனால் வாசலைத் தாண்டியதோடு விடுதலை கிடைத்துவிடவில்லை. மடத்து அலுவலர்கள் அவளை விசாரித்து, அருகிலிருந்த மூன்று விடுதிகளுள் ஒன்றில் தங்கவைத்தார்கள். அவளுடைய பெற்றோருக்கும், ‘நானுஷி’ எனப்படும் ஊர்த்தலைவருக்கும் ஓலை போயிற்று. முதலில் சமரசப் பேச்சு, அது பலிக்காவிட்டால் கணவனுடன் பேரம், அதற்கும் மசியாவிட்டால் மடத்து அலுவலரே நேரில் வருவார் என்ற அறிவிப்பு என்று படிப்படியாக நெருக்குதல் கூடிற்று. அலுவலர் ஊருக்குள் வந்து இறங்கினால் ஊர்த்தலைவருக்கும் செலவு, கணவனுக்கும் தலைகுனிவு. ஆகவே பெரும்பாலான கணவர்கள் அதற்கு முன்பே சீட்டை எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் மடத்துக்குள் ஒரு நாளும் வாழாமலேயே பிறந்தகம் திரும்பினார்கள். தோகேஜியை வெறும் கருணை இல்லமாகப் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: அதன் உண்மையான வலிமை காகிதம், முத்திரை, ஊரார் முன் வரும் அவமானம் ஆகியவற்றைக் கையாண்ட திறமையில் இருந்தது.

கடைசிவரை பிடிவாதம் பிடித்த கணவனின் மனைவி மட்டுமே உள்ளே சென்றாள். விலக்குப் பெற அங்கே தங்க வேண்டிய காலத்துக்கு மூன்றாண்டு என்று பெயர். தொடக்க ஆண்டையும் முடிவாண்டையும் முழுதாக எண்ணும் வழக்கப்படி அது உண்மையில் 24 மாதம். அங்கும் பணம் பேசிற்று. குடும்பம் செலுத்திய தொகைக்கேற்ப மூன்று படிநிலைகள் வகுக்கப்பட்டிருந்தன. அதிகம் கொடுத்தவள் மேல்நிலைப் பணிகளில் அமர, ஏழை வீட்டுப் பெண் சமைத்தாள், துணி துவைத்தாள், களை பிடுங்கினாள். புக்ககத்தில் செய்த அதே வேலைதான். முடியும் நாள் தெரிந்த வேலை என்பது மட்டுமே வேறுபாடு. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் சுமார் 2,000 பெண்கள் இம்மடத்தை நாடியிருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

அவர்கள் எதைச் சகிக்க முடியாமல் ஓடி வந்தார்கள் என்பதற்கு விலக்குச் சீட்டுகளில் விடை தேடுவது வீண். குடி, சூது, அடி, வேறொருத்தியின் தொடர்பு எதுவும் அவற்றில் இராது. தன் சொந்த வசதியின் பொருட்டு விலக்குவதாகவே கணவன் எழுதினான். இது ஆணின் அகங்காரம் என்று முன்னர் பலர் கருதினர். மனைவி மீது குற்றம் இல்லை என்று காட்டி அவள் மறுமணத்துக்கு வழிவிடும் வாசகமாகவே இதைக் கொள்ள வேண்டும் என்பது தகாகி தாதாஷி போன்ற சட்ட வரலாற்றாசிரியர்களின் வாதம். வாதம் வலுவானதே; ஆனால் அந்த நாகரிகமான வாசகம் பெண்ணின் துயரத்தை ஆவணத்திலிருந்தே துடைத்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஷோகன் ஆட்சியை அடுத்து வந்த மெய்ஜி அரசு 1871இல் மடத்தின் இந்த அதிகாரத்தை நீக்கிற்று. 1902இல் கடைசி மடத்தலைவி காலமானபின் தோகேஜி ஆண் துறவிகளின் கைக்கு மாறியது. மனைவியும் நீதிமன்றத்தில் விலக்குக் கோரலாம் என்று 1873ஆம் ஆண்டின் அரசாணை அறிவித்ததை முன்னேற்றம் என்று பாராட்டுவோர், அதில் இருந்த ஒரு நிபந்தனையையும் பார்க்க வேண்டும்: குன்றுச் சரிவின் மடத்துக்குத் தன்னந்தனியாக ஓடி வர முடிந்தவள், நீதிமன்றத்துக்குத் தந்தை, சகோதரர் அல்லது உறவினர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.