அமெரிக்க டவுன் ஆட்சியில் ஊதிய நிர்ணயம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டவுன், டவுன்ஷிப், சிறு நகரம் ஆகிய உள்ளாட்சிகளில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவியினருக்கு எவ்வளவு ஊதியம் என்பதை முடிவுசெய்யும் சட்டங்களும் வழக்கங்களும் ஊதிய நிர்ணயத்தில் அடங்கும். அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தில் உள்ளாட்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே இது முழுக்க மாநிலங்களின் கையில் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் முறை மாறுகிறது. ஆனால் எல்லா மாநிலங்களும் அவிழ்க்கப் பார்ப்பது ஒரே சிக்கலைத்தான்: வரிப்பணத்தைச் செலவிட அதிகாரம் பெற்றவர் தன் சம்பளத்தையும் தானே எழுதிக்கொள்ளலாமா? தொகை பெரும்பாலும் அற்பம். தொகையைவிட, அதை யார் தீர்மானிக்கிறார், எப்போது அமலுக்கு வருகிறது என்ற இரண்டும்தான் இதில் முக்கியம்.

தொடக்கக் காலம்

குடியேற்றக் கால நியூ இங்கிலாந்தில் ஊர்ப் பதவி என்பது பெருமையைவிடச் சுமையாகவே இருந்தது. கான்ஸ்டபிளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வரி வசூலிக்க வேண்டும். வசூலாகாத பாக்கிக்கு அவரே பொறுப்பு. பதவி வேண்டாமென்று மறுத்தால் அபராதம் உண்டு. வசதியுள்ள சிலர் அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டில் இருந்துகொண்டார்கள். எழுத்தர் போன்றோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பதிவுசெய்யும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். வரி வசூலிப்பவருக்கு வசூலில் ஒரு பங்கு. பொதுப் பதவிக்குச் சம்பளமே வேண்டாம் என்ற வாதமும் அன்றே இருந்தது. 1787-இல் பிலடெல்பியாவில் கூடிய அரசமைப்பு மாநாட்டில், நாட்டின் நிர்வாகத் தலைமைக்கு ஊதியம் கூடாது என்று பெஞ்சமின் பிராங்ளின் வாதிட்டார். பதவி ஆசையும் பண ஆசையும் ஒரே நாற்காலியில் சேர்ந்தால் கெட்டவர்களே அதைத் தேடி வருவார்கள் என்பது அவர் அச்சம். மாநாடு அதை மரியாதையுடன் கேட்டுக்கொண்டு ஒதுக்கிவிட்டது. கட்டணமும் பங்கும் போய் நிலையான சம்பளம் பரவலாக வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான்.

ஊரே வாக்களிக்கும் முறை

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நகரங்களும் டவுன்களுமாக 351 உள்ளாட்சிகள் இருக்கின்றன. டவுன்களின் சட்டமன்றம் என்பது டவுன் கூட்டமே. மாநிலப் பொதுச் சட்டத் தொகுப்பின் 41-ஆம் அத்தியாயம், 108-ஆம் பிரிவு, தேர்ந்தெடுக்கப்பட்ட எல்லா டவுன் பதவியினரின் ஊதியத்தையும் ஆண்டுதோறும் ஆண்டுக் கூட்டத்தில் ஊர் வாக்களித்தே நிர்ணயிக்க வேண்டும் என்கிறது. செலக்ட் போர்டு எனப்படும் மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்கும், தேர்தலில் வந்த டவுன் எழுத்தருக்கும் இது பொருந்தும். நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் கூட்டம் பெரும்பாலும் வசந்த காலத்தில் நடக்கும்.

நடைமுறை இப்படி: கூட்டத்தில் எடுக்கப்போகும் பொருள்களையெல்லாம் வரிசையிட்ட வாரன்ட் என்ற அறிவிக்கை முன்கூட்டியே வெளியாகும். நிதிக் குழு ஒவ்வொரு பொருளையும் அலசித் தன் பரிந்துரையைத் தரும். கூட்டம் பள்ளி அரங்கத்திலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ நடக்கும். பல ஊர்களில் கூட்டத் தலைவர் வரவு செலவுப் பட்டியலை வரி வரியாக வாசித்துக்கொண்டே போவார். விவாதிக்க விரும்பும் வரி வரும்போது யாராவது ‘ஹோல்ட்’ என்று குரல் கொடுத்தால், அந்த வரி தனியே எடுத்து வைக்கப்படும். பிறகு அதை எழுப்பியவர் ஒலிவாங்கியின் முன் வந்து, செலக்ட் போர்டு உறுப்பினருக்கான தொகையை இத்தனை டாலர் குறைக்க வேண்டும் என்று திருத்தம் கொடுக்கலாம். கோடிக்கணக்கான டாலர் பள்ளிச் செலவு இரண்டு நிமிடத்தில் நிறைவேறும். சில நூறு டாலர் மதிப்பூதியத்துக்கு அரை மணி நேரம் ஓடும். இதில் வியப்பு ஒன்றுமில்லை. பள்ளிக் கணக்கு யாருக்கும் முழுதாகப் புரிவதில்லை, ஐந்நூறு டாலர் எல்லோருக்கும் புரியும்.

வெர்மாண்டில் ஊதியத்தை முடிவுசெய்வது வாக்காளர்களே. அவர்கள் அதைச் செய்யாமல் விட்டால் மற்றப் பதவியினருக்குச் செலக்ட் போர்டு தொகை குறிக்கும். செலக்ட் போர்டுக்கு மட்டும் ஊர்த் தணிக்கையாளர்கள் குறிப்பார்கள். 169 டவுன்கள் கொண்ட கனெக்டிகட்டில் நிலைமை வேறு. அங்கே பல சிறு டவுன்களில் முதல் செலக்ட்மேன் என்பவரே முழுநேர நிர்வாகத் தலைவர். அவருக்குக் குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் வேண்டும் என்பதால் பேச்சு மதிப்பூதியத்திலிருந்து வேலைச் சந்தை விலைக்கு மாறிவிடுகிறது.

தாமே நிர்ணயித்து, முன்பே அறிவிக்கும் முறை

நியூயார்க்கில் 900-க்கும் மேற்பட்ட டவுன்கள் இருக்கின்றன. இங்கே ஊதியத்தை நிர்ணயிப்பது டவுன் போர்டுதான், அதாவது வாங்குபவர்களே. கட்டுப்பாடு அறிவிப்பில் இருக்கிறது. டவுன் சட்டத்தின்படி, வரவு செலவு பற்றிய பொது விசாரணைக்கான அறிவிப்பிலேயே போர்டு உறுப்பினர்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்தர், நெடுஞ்சாலைக் கண்காணிப்பாளர் ஆகியோருக்கான உத்தேச ஊதியத்தைத் தனித்தனியே வெளியிட வேண்டும். அப்படி வெளியிட்ட தொகையை மீறி ஒரு டாலர்கூடக் கூட்ட முடியாது. விசாரணை நவம்பர்த் தேர்தல் நாளை ஒட்டி வருவதால், தேர்தல் ஆண்டில் அந்தச் சிறு அறிவிப்பை எதிர்வேட்பாளர்கள் தவறாமல் படிப்பார்கள். ஆண்டின் நடுவே கூட்ட வேண்டுமானால் தனி உள்ளூர்ச் சட்டம் இயற்ற வேண்டும். பதவிக்காலத்தின் நடுவே உயர்த்தும் சட்டமாக இருந்தால், 45 நாளுக்குள் போதுமான வாக்காளர்கள் கையெழுத்திட்டு அதைப் பொதுவாக்கெடுப்புக்கு இழுக்கலாம்.

‘இன்று கூட்டுகிறேன், அடுத்து வருபவர் வாங்கிக்கொள்ளட்டும்’ என்பது இன்னொரு தடுப்பு. நாடாளுமன்ற அளவில் இதைச் சொல்லும் அரசமைப்பின் 27-ஆம் திருத்தம் 1789-இல் முன்மொழியப்பட்டு 1992-இல்தான் நிறைவேறியது. கலிபோர்னியாவில் மாநிலப் பொதுச் சட்டத்தின் கீழ் இயங்கும் நகரங்களிலும், மன்ற உறுப்பினரின் ஊதிய மாற்றம், உறுப்பினர் ஒருவரேனும் புதிய பதவிக்காலம் தொடங்கும்வரை அமலுக்கு வராது.

மூன்றாம் ஆளிடம் விடும் முறையும் உண்டு. மிச்சிகனில் நகரங்கள் ஊதிய ஆணையம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். பதவியிலிருப்பவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினரும் அதில் இடம்பெற முடியாது. ஆணையம் ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடித் தொகை சொல்லும். மன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் நிராகரிக்காவிட்டால் 30 நாளில் அது தானாக அமலாகும். வாய் திறக்காமல் இருந்தாலே உயர்வு வந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு மன்றத்தினருக்கு வசதிதான்.

பெல் விவகாரம்

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் உள்ள பெல், ஏறத்தாழ 35,000 பேர் வாழும் எளிய தொழிலாளர் நகரம். 2010 ஜூலையில், அதன் நகர மேலாளர் ராபர்ட் ரிஸோ ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்குவதையும், பகுதிநேர மன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 1 லட்சம் டாலர் வாங்குவதையும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளியிட்டது. அந்த அளவுள்ள பொதுச் சட்ட நகரத்தில் மன்ற உறுப்பினருக்கு அப்போது மாதம் சில நூறு டாலரே கிடைத்தது.

இது எப்படிச் சாத்தியமானது? 2005-இல் நடந்த ஒரு சிறப்புத் தேர்தலில் பெல் தனிச் சாசன நகரமாக மாறியது. அப்படி மாறினால் மாநிலத்தின் ஊதிய வரம்பு பொருந்தாது. பதிவான வாக்குகள் 400-க்கும் குறைவு. அதன்பின் மன்றத்துக்கான ஊதியம் சிறிதாகவே இருந்தது. பெருந்தொகை வந்தது துணை ஆணையங்களிலிருந்து. குப்பை அகற்றலுக்கு ஓர் ஆணையம், நிதிக்கு ஒன்று, வீட்டுவசதிக்கு ஒன்று என்று அதே மன்ற உறுப்பினர்கள் எல்லாவற்றிலும் உட்கார்ந்து தனித்தனியே சம்பளம் வாங்கினார்கள். சில ஆணையக் கூட்டங்கள் ஓரிரு நிமிடமே நடந்ததைக் குறிப்பேடுகளே காட்டின. 2008-இல் குடிமகன் ஒருவர் ஊதிய விவரம் கேட்டபோது அவர் கையில் தரப்பட்டது, தொகைகளைக் குறைத்துக் காட்டிய பொய் ஆவணம்.

2011 மார்ச்சில் மக்கள் வாக்களித்து மன்றத்தினரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்த ஆண்டே பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸுக்குக் கிடைத்தது. 2013-இல் முன்னாள் மன்ற உறுப்பினர்கள் ஆறு பேரில் ஐவர் மீதான குற்றச்சாட்டுகளில் சில உறுதியாயின; ஒருவர் விடுவிக்கப்பட்டார். ரிஸோவுக்கு 2014-இல் 12 ஆண்டு சிறை. விவகாரம் வெடித்ததும் மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங், எல்லா உள்ளாட்சிகளும் ஊதிய விவரங்களைத் தெரிவிக்க வேண்டும் என ஆணையிட்டு அவற்றை இணையத்தில் வெளியிட்டார்.

சம்பளத்துக்கு வெளியே

‘ஊதியம்’ என்று எழுதிய வரியை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும். மாசசூசெட்ஸில் ஓர் ஆண்டில் ஒரே நாள் பதவியில் இருந்தாலும் ஓய்வூதியக் கணக்கில் முழு ஆண்டாகச் சேரும் விதி ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இருந்தது. 2009-இன் ஓய்வூதியச் சீர்திருத்தம் அதை ஒழித்தது. ஆண்டுக்கு 5,000 டாலருக்குக் குறைவாக வாங்கும் பதவிக்காலமும் இனி ஓய்வூதியத்துக்குச் சேராது என்றது. மருத்துவக் காப்பீடும் இப்படித்தான். மதிப்பூதியம் இரண்டாயிரம் டாலராக இருக்கும் இடத்திலும், குடும்பக் காப்பீட்டில் ஊர் செலுத்தும் பங்கு அதைப்போலப் பல மடங்காகிவிடும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தொகை மிகக் குறைந்தால் மாலை நேரக் கூட்டங்களுக்குக் குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வரவேண்டிய தாயும், மணிக்கணக்கில் கூலி வாங்குபவரும் போட்டியிட முடியாது. ஓய்வுபெற்றவர்களும் சொந்தத் தொழிலுள்ளவர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள். கலிபோர்னியாவில் 35,000 வரை மக்கள்தொகை கொண்ட நகரங்களின் மன்ற உறுப்பினருக்கான வரம்பு, 1984 முதல் மாதம் 300 டாலரிலேயே நின்றிருந்தது. இந்தக் காரணத்தைச் சொல்லியே 2023-இல் இயற்றிய சட்டம் அதை 950 டாலராக்கியது. 2,50,000-க்கு மேற்பட்ட மக்கள்தொகையுள்ள நகரங்களுக்கு 1,000-இலிருந்து 3,200 டாலர். இந்த உயர்வை எடுத்துக்கொள்ள விரும்பும் மன்றம், தேவை என்ன என்ற காரணங்களோடு ஒரு திறந்த கூட்டத்தில் முன்வைத்து, குறைந்தது ஏழு நாள் கழித்து நடக்கும் இன்னொரு கூட்டத்தில்தான் நிறைவேற்ற வேண்டும்.